விரிசல் விட்ட பாட்டரியும் தங்கப்பாண்டி அண்ணாச்சியும்

எண்ணூர்ப் பக்கம் ஒரு லாரிப் பாட்டரி வெடித்துவிட்டதாம். வெடித்ததில் ஒரு ஆளுக்குக் கண் போய்விட்டதாம். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. கத்திவாக்கத்துக்கு இறால் வாங்கப் போன ஒருவர், இறால் விற்றவளிடம் கேட்டுக்கொண்டு வந்து, திருவொற்றியூர் டீக்கடையில் இறாலோடு சேர்த்து இறக்கிவைத்த சேதி. திருவொற்றியூரில் ஒரு கண்ணாக இருந்தது தண்டையார்பேட்டைக்கு வருவதற்குள் இரண்டு கண்ணாகிவிட்டது. ராயபுரம் கல்மண்டபத்தை எட்டியபோது அந்த ஆளுடைய மீசையும் கூடப் போயிருந்தது. பாட்டரியின் மூடி பறந்து ஒரு பனைமரத்து உச்சியில் உட்கார்ந்திருப்பதாகவும், அதை இறக்க யாரும் கிட்டப் போக மறுக்கிறார்கள் என்றும் விவரம் சேர்ந்திருந்தது.

இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "ஐயோ பாவம்" என்பீர்கள். கொஞ்சம் பயந்த சுபாவமாக இருந்தால் அன்றைக்கு லாரி போகும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடப்பீர்கள். ஆனால் நம் நடுவே ஓர் இனத்தார் இருக்கிறார்கள். சேதியை ஆதியோடந்தமாகக் கேட்பார்கள். மூடி பனைமரம் ஏறிய இடத்தில் தலையை ஆட்டி ரசிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுய்யா" என்பார்கள்.

கவனியுங்கள். வெடித்த பிறகு சொல்கிறார்கள்.

இந்த இனம் இல்லாத தெரு கிடையாது. ரயில் நகரத் தொடங்கிய பிறகு சாவகாசமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்து ஏறுகிறவர், ஸ்டவ் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் வயிற்றில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர், கம்பியில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்பியிடமே விரலால் விசாரிக்கிறவர், மூன்றாம் நாள் மீன் குழம்பை முகர்ந்துவிட்டு "இப்பத்தான் ருசி ஏறியிருக்கு" என்று தட்டை நீட்டுகிறவர், எண்ணூர் முகத்துவாரத்தில் 'இங்கே ஆழம்' என்று பலகை நட்டிருக்கும் இடத்தில் சட்டையைக் கழற்றி அந்தப் பலகையிலேயே மாட்டிவிட்டுக் குளிக்க இறங்குகிறவர் என்று இதில் உட்பிரிவுகள் நிறைய உண்டு. எல்லாப் பிரிவுக்கும் மந்திரம் ஒன்றுதான்.

வாதாடிப் பாருங்கள். முதல் சாட்சியாகக் காலஞ்சென்ற தகப்பனாரை அழைப்பார்கள். அவர் இதைவிடப் பெரிய காரியமெல்லாம் செய்தவர், காய்ச்சலில்தான் போனார். அடுத்த சாட்சி அவர்களே. "இதோ, கல்லு மாதிரி நிக்கிறேன்ல?" இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? கல்லு மாதிரி நிற்காமல் போனவர்கள் யாரும் வந்து எதிர்ச்சாட்சி சொல்வதில்லையே.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் கல்மண்டபத்துக்கு வரவேண்டும். தங்கப்பாண்டி அண்ணாச்சி. தெற்குச் சீமையிலிருந்து வந்து, துறைமுகத்துச் சரக்கை ஏற்றி இறக்கிப் பிழைத்து, சண்டை முடிந்து பட்டாளத்தார் பழைய லாரிகளை ஏலம் விட்டபோது இரண்டை எடுத்து முதலாளியானவர். வாட்டசாட்டமான ஆள், கணீரென்ற குரல், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்கிற மனசு. நின்றவுடன் சொல்வது என்னவென்று உங்களுக்கே தெரியும். சாவு வீட்டில்கூட ஒரு தடவை பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார் என்பார்கள்.

அவர் வீட்டில் அப்போது தங்கியிருந்தவர் மச்சினர் தேவப்பிரியம். கொழும்பில் ஒரு பஸ் கம்பெனியின் சாமான் அறையில் வேலை. லீவில் வந்தார், வந்த இடத்தில் திரும்பிப் போவதற்கான அனுமதிச் சீட்டு வராமல் அக்காள் சுகிர்தத்தின் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழும் இங்கிலீஷும் படித்தவர். அதனால் இரண்டு மொழியிலும் பயப்படத் தெரிந்தவர். தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அத்தான் வீட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளவும் பயம். இப்படிப்பட்டவரை அப்படிப்பட்டவர் வீட்டில் கொண்டுவந்து வைத்தது யாருடைய வேடிக்கையோ தெரியாது.

ஒரு நாள் அண்ணாச்சியின் டிரைவர் அமீருதீன், தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிடப் போய், லாரியின் பக்கவாட்டைக் கேட்டுக் கம்பத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டார். ஆளுக்கு அடியில்லை, மாட்டுக்கும் அடியில்லை. ஏறிமிதிக்கும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பாட்டரிக்கு மட்டும் மூலையில் ஒரு விரிசல். அதிலிருந்து திராவகம் கசிந்துகொண்டிருந்தது. லாரியை மாடு கட்டி இழுத்துவந்தார்கள். பாட்டரியோ அண்ணாச்சியின் மடியில், கைரிக்‌ஷாவில், பெயர் சூட்டப் போகிற பிள்ளை மாதிரி வந்தது.

"இன்னா அண்ணாச்சி, மடியில வெச்சிகினு வர்றியே! என் செருப்பு மேல ஒழுவிச்சு, தோலு உரிஞ்சி பூட்ச்சு. கலீஜ் சாமான் நைனா அது. கடாசிட்டு வேற ஒண்ணு பாரு" என்றார் அமீருதீன்.

"கடாசுறதா? ஏல, மயிரிழை விரிசல். உனக்குக் கை முறிஞ்சா கட்டுப் போட்டு வச்சுக்கிடுவமா, கடாசிருவமா?"

"நானு ஆசிட்டு ஒழுவ மாட்டேனே!"

"ஒண்ணும் ஆகாதுடே. வேட்டியைப் பாரு, எவ்வளவு தண்ணி பட்டிருக்கு? ஏதாவது ஆச்சா?"

உண்மைதான். அன்றைக்கு வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சுகிர்தம் அதைத் தண்ணீரில் போட்டு அலசி எடுத்தபோது, காசிமேட்டில் யாராவது பார்த்திருந்தால் மீன் பிடிக்க இரவல் கேட்டிருப்பார்கள். அண்ணாச்சி அந்த வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டைகள் வழியாகத் தெரு முழுவதையும் பார்த்துவிட்டு, "நூலு சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

தேவப்பிரியம் பாட்டரியை எட்ட நின்று சுற்றி வந்தார். அதன் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. குனிந்து படித்தார். படித்தவுடன் இரண்டடி பின்வாங்கினார்.

"அத்தான், இதுல எழுதியிருக்கான். நெருப்பு கிட்ட வரப்படாதாம். உள்ளேயிருந்து வர்ற வாயு தீப்பிடிக்குமாம். கண்ணு பத்திரம்னு போட்டிருக்கு."

"எந்த ஊர்க்காரன் எழுதினது?"

"சீமையில செஞ்சது."

"அதான் பாத்தேன். அங்க பனி. வெறகெல்லாம் ஈரமா கெடக்கும். ஒரு தீக்குச்சி பத்தினாலே அவனுக்குத் திகிலு. நம்ம ஊருக்கு அவன் எழுதலைடே."

இந்தப் பேச்சைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சுகிர்தம், அண்ணாச்சி அப்பால் போனதும் தம்பியைக் கூப்பிட்டாள். "தேவு, எண்ணூர்க் கதையை நானும் கேட்டேன். எனக்கு வேற எதுவும் வேண்டாம். லாரி போனா போவுது. அவுக கண்ணுக்கு ஒண்ணு வந்துச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, நீ படிச்சிட்டே. படிச்சதை அவுக காதுல ஏத்த வேண்டியது உன் பாடு."

"சரிக்கா" என்றார் தேவப்பிரியம். அத்தானுடைய இரண்டு கண்களையும் அன்று முதல் அவர் பொறுப்பில் விட்டாயிற்று. அவருக்கு அன்றைக்கு ஒரு தடவைச் சோறே இறங்கவில்லை.

பாட்டரி சார்ஜ் பண்ணுகிற கடைக்காரர் விரிசலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அண்ணாச்சி அசருவாரா? நம் இனத்தார் எங்கேயாவது மறுப்புக்கு அசந்து பார்த்திருக்கிறீர்களா? போன தண்ணிக்குக் குழாய்த் தண்ணி ஊற்றி ஈடுகட்டினார். தமது இன்னொரு லாரியில் அந்தப் பாட்டரியைக் கட்டினார். சார்ஜ் ஏறட்டும் என்று அமீருதீனை விட்டு என்ஜினைக் காலையிலிருந்து ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டரிக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பிச் சளசளவென்று சத்தம் வந்தது.

"கேட்டியா? உயிரு இருக்கு!" என்று தொடையைத் தட்டினார் அண்ணாச்சி.

தேவப்பிரியத்துக்கும் கேட்டது. பாட்டரியின் பக்கவாட்டில் படித்த வாயு இதுதான் என்று புரிந்தது. சொல்லவும் செய்தார். சொன்னது என்ஜின் சத்தத்தில் போயிற்று. என்ஜினை நிறுத்திய பிறகு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் மரியாதைப்பட்ட மனிதர்கள் ஒரு விஷயத்தை அத்தானிடம் இரண்டு தடவை சொல்வார்களா?

அடுத்தது விரிசல். அதை அடைக்க அண்ணாச்சி கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது ராயபுரத்தைத் தவிர வேறு எங்கேயும் ஒருவருக்குத் தோன்றியிருக்காது. கடற்கரையில் சரக்குப் படகுகளின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே தார் மாதிரிக் கீலைக் காய்ச்சிப் பூசுகிறார்கள் அல்லவா? அந்த வேலை செய்யும் அருள்பிரகாசத்திடம் போய்க் கீல் டப்பாவையும் நீளக் கரண்டியையும் இரவல் வாங்கிவந்துவிட்டார்.

"வெளியில கெடக்குற சமுத்திரத்தையே உள்ள வரவிடாத கீலு. உள்ள கெடக்குற ரெண்டு படித் தண்ணியை வெளிய விட்டுருமாடே?"

இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். அதோடு நின்றாரா? "பாட்டரி தலையைப் பாரு. சீமைக்காரனே கீலுதான் பூசியிருக்கான்!" என்று காட்டினார். பார்த்தால், ஆமாம், கறுப்பாகக் கீல் மாதிரிதான் பூசியிருந்தது. தேவப்பிரியமே ஒரு நிமிஷம், இத்தனை நாளாக நாம்தான் உலகத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று தடுமாறிப்போனார். இந்த இனத்தாரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி சரியாக இருக்கும். மிச்சக் கால்வாசியில்தான் நாம் நிற்போம்.

லாரிக் கொட்டகையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். கீல் உருகியது. அடுப்பிலிருந்து பாட்டரி வரைக்கும் கொண்டுபோவதற்குள் கரண்டியில் இறுகிவிடுகிறது என்று கண்டு, பாட்டரியையே அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் அண்ணாச்சி. உள்ளே சளசளத்ததற்கு மூச்சு முட்டுமே என்று இரக்கப்பட்டு, மேலே இருந்த திருகு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

"அத்தான், எனக்கென்னமோ..." என்று ஆரம்பித்தார் தேவப்பிரியம்.

"தேவு, தீ அடங்குது பாரு. அந்த ஓலையை எடுத்துட்டு வா."

ஓலையை எடுத்துவந்து கொடுத்தார்.

"இல்லத்தான், அதுல எழுதியிருந்தது என்னன்னா..."

"ஊதுகுழல் எங்க? கொஞ்சம் ஊது."

ஊதினார். கன்னம் உப்ப, கண்ணில் புகை ஏற, ஊதினார். அந்த வட்டாரத்திலேயே அந்த நெருப்பைக் கண்டு மிகவும் பயந்த மனிதர் அவர்தான். அதை வளர்த்தவரும் அவர்தான்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அண்ணாச்சி பேப்பர் படிக்கிற மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். "கண்ணாடியையாவது கழட்டாம இருங்க அத்தான். அக்கா சொல்லச் சொன்னா."

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே" என்று அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். "கீலு தெறிச்சா வீணாப்போயிரும்."

கண்ணாடி பத்திரம். பாட்டரியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள அமீருதீன் மறுத்து, "நான் அப்பாலிக்கா நிக்கிறேன் நைனா, எனக்குப் பேஜாரா கீது" என்று லாரியின் மறுபக்கம் போய்விட்டார். தேவப்பிரியம் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கரண்டியை அடுப்பில் விட்டு எடுத்தார். கரண்டி நுனியில் கீல் தீப்பற்றிக்கொண்டு கரும்புகையோடு எரிந்தது. அதை ஊதி அணைக்காமலே, பாட்டரியின் மேல் நன்றாகக் குனிந்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கோலி சோடா உடைக்கிற சத்தம் வந்தது, அவ்வளவுதான். எதுவும் பறக்கவில்லை. அண்ணாச்சி கரண்டியும் கையுமாக நின்றபடியே நின்றார். முகமெல்லாம் ஈரம். "ஒண்ணும்..." என்று சொல்லத் தொடங்கினார். முடிக்கவில்லை. கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் தேவப்பிரியம் ஒரு காரியம் செய்தார். அவரைப் பெற்ற தாய்கூட எதிர்பார்த்திருக்க மாட்டாள். "கையை எடுங்க! தேய்க்காதீங்க! குனிங்க அத்தான்!" என்று தெரு அதிரக் கத்தி, அத்தானுடைய பிடரியைப் பிடித்து, கொட்டகை வாசலில் இருந்த அடிபம்புக்கு அடியில் தள்ளினார். "அமீர், அடி!"

அமீருதீன் பாய்ந்துவந்து பம்பு அடித்தார்.

"கண்ணைத் திறங்க!"

"எரியுதுடே!"

"எரியட்டும்! திறங்கங்கேன்!"

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. கூடினால் சும்மாவா இருக்கும்? விளக்கெண்ணெய் விடு என்றார் ஒருவர். தாய்ப்பால் கொண்டுவா என்றார் இன்னொருவர். கடல் தண்ணி இழுக்காத விஷம் இல்லை என்றார் மூன்றாமவர். சுகிர்தம் ஒருத்தரையும் கிட்ட விடாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தண்ணி ஊத்தட்டும், தள்ளுங்க! ஏசப்பா, தண்ணி ஊத்தட்டும்!" என்று கூட்டத்தை முழங்கையால் நெட்டினாள். அமீருதீனுக்குத் தோள் விட்டுப்போகும் வரைக்கும் பம்பு ஓடிற்று. பிறகு டாக்ஸி பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பார்த்தார். மருந்து விட்டார். இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார். தண்ணீர் ஊற்றியது நல்ல காரியம் என்றார். அது போதுமா என்பது கட்டைப் பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

அண்ணாச்சி கட்டிலில் எப்படி இருந்தார் என்கிறீர்கள்? முதல் நாள் அதே அண்ணாச்சிதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு, "இந்தக் கட்டெல்லாம் சும்மா பேருக்குப் போடுறது" என்று தைரியம் சொன்னார். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்புப் போடச் சொல்லிச் சண்டை போட்டார். மறுநாள் கொஞ்சம் பேச்சுக் குறைந்தது. அதற்கு அடுத்த நாள், தேவப்பிரியம் ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்தபோது, பழத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவு."

"என்னத்தான்?"

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொருவரிடம் கேட்டார். தேவப்பிரியமோ அதைத் தன் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லக் கூடாத வார்த்தை என்றே நினைத்திருந்தவர். சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாராவது வந்து இதற்குப் பதில் சொல்ல மாட்டார்களா என்று வாசல் வரைக்கும் பார்த்தார்.

"ஆகாதத்தான்" என்றார். "ஒண்ணும் ஆகாது."

சொன்னது அவ்வளவு சுலபமாக வந்ததைக் கண்டு அவருக்கே திகைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காளிடமும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கும் சொன்னார். சொல்லச் சொல்ல நன்றாகவே இருந்தது. ராத்திரி கொஞ்சம் சோறு கூட இறங்கியது. அண்ணாச்சி இத்தனை வருஷம் எப்படித் தெம்பாக இருந்தார் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அமீருதீன் மட்டும் போயிருந்தார். சுகிர்தம் புறப்பட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போக முடியவில்லை. அவளைத் தனியாக விடக்கூடாது என்று தேவப்பிரியம் வீட்டிலேயே தங்கிவிட்டார். தங்குவதற்கு அது நல்ல காரணமாகவும் இருந்தது. "பிரிச்சவுடனே போன் போடுறேன் கொழும்பு சாரு. பக்கத்திலயே இரு" என்று சொல்லிவிட்டுத்தான் அமீருதீன் புறப்பட்டிருந்தார். லாரி ஆபீஸ் என்று அண்ணாச்சி பெயர் வைத்திருந்த முன்னறையில், மேஜைமேல் டெலிபோன் இருந்தது. அதற்கு நேர் எதிரே தேவப்பிரியம் உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் சுகிர்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மணி அடித்தது.

தேவப்பிரியம் எழுந்து நின்றார். கை நீண்டது. கறுப்புக் குழலுக்கு ஒரு சாண் மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. சுகிர்தம் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"வேற யாராவது சரக்கு விஷயமா இருக்கும்க்கா" என்றார் தேவப்பிரியம், டெலிபோனைப் பார்த்தபடி.

"ஆமா, சரக்கு விஷயமாத்தான் இருக்கும்" என்றாள் சுகிர்தம்.

போகட்டும், அவர்களை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லுங்கள். மணி அடிக்கத் தொடங்கியதும் உங்கள் மனசு உங்களிடம் என்ன சொல்லிற்று? கேலியாக ஆரம்பித்த கதை, போயும் போயும் ஒரு மனுஷனுடைய கண்ணிலா கொண்டுபோய் முடிப்பார்கள் என்றுதானே? உடனே தண்ணீர் ஊற்றினார்களே, டாக்டரும் நல்ல காரியம் என்றாரே, அண்ணாச்சியாவது, கண்ணாவது என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் அல்லவா? யார் கொடுத்த தைரியம் இது? கண்ணாடியில் கொஞ்சம் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோளில் துண்டு ஏதாவது தெரிகிறதா?

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.